காலர் பட்டன் வரைக்கும் வந்த கை

முழங்கை என்று ஓர் உறுப்பு எனக்கு இருப்பதையே கல்யாண வயது வரும்வரை நான் கவனித்ததில்லை. மூக்கைக் கவனித்திருக்கிறேன், அது பெரியது. தலைமுடியைக் கவனித்திருக்கிறேன், அது போய்க்கொண்டிருந்தது. முழங்கை அது பாட்டுக்குச் சட்டைக்குள் கிடந்தது. பஸ்ஸில் நாலு பேரை இடித்துக்கொண்டு ஏறுவதற்கு உதவும், அவ்வளவுதான் அதற்கும் எனக்கும் இருந்த உறவு.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அப்பா காலமான பிறகு அம்மாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், பயிரைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சேற்றில் கால் வைத்தால் சளி பிடிக்கும் என்று நானே ஒரு வியாதியைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன். அதனால் தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து, காலையிலிருந்து சங்கு ஊதும்வரை ஸ்பேனர் பிடித்து போல்ட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி இருந்தது. சொம்பைக் கீழே வைத்தேன், வலி போய்விட்டது. மறுபடி தூக்கினேன், வந்துவிட்டது. சொம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி வேறு சொம்பு எடுத்தேன். என் மருத்துவ ஆராய்ச்சி இப்படித்தான் தொடங்கியது.

அதன்பிறகு நான் குழம்பியதற்கு அளவே இல்லை. உரமூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினால் ஒன்றும் செய்யவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்தால் உயிர் போனது. மாட்டைத் தோள் கொடுத்துத் தள்ள முடிந்தது. மேஜைமேல் இருந்த வெறும் டம்ளரை மேலிருந்து கவ்வி எடுக்க முடியவில்லை. கனமான சாமானுக்கெல்லாம் வலிக்காமல், காற்றுப்போல லேசான சாமானுக்கெல்லாம் வலிக்கிற ஒரு நோயை யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனியில் சொன்னேன். "வேல செய்யாம இருக்க நல்ல ரோசனைதான்" என்று பாராட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவர்களும் நெல் பயிரிடுகிற குடும்பம், எங்களைவிட நிலம் அதிகம், பெண்ணின் அப்பாவுக்கு மீசையும் அதிகம். பஜ்ஜி வந்தது. காப்பி வந்தது. நான் டம்ளரை மேலிருந்து கவ்வி எடுத்தேன். எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது பெண்ணின் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து நின்றதுதான். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டு வந்த சிரிப்பு. அதற்கு முன்னால் நான் பார்த்த இடங்களிலெல்லாம் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து, குனிந்துகொண்டே போனார்கள். என்னைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்த முதல் பெண் இவள். கட்டினால் இவளைத்தான் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அதுக்கு மொதல்ல அந்தக் கைய சரி பண்ணுடா. தாலி கட்டும்போது நழுவ வுட்டேன்னா?" என்றாள் அம்மா.

"எலும்பு வெலகிக்கினு இருக்குதுக்கா. கட்டு கட்டிட்டா போச்சி" என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் கையோ காலோ வலித்தால் மனிதன் முதலில் நினைப்பது கட்டுதான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் உண்டு. மரத்திலிருந்து விழுந்தவன், வண்டியிலிருந்து விழுந்தவன், மச்சானோடு சண்டை போட்டவன் எல்லாரும் அங்கே போய் நேராகித் திரும்புவார்கள். நாங்கள் போன இடத்திலும் கூட்டம் நிறைய இருந்தது. எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கோணலாக, வீங்கி, பார்க்கவே மரியாதையாக இருந்தது. என் கை மட்டும் எந்த அடையாளமும் இல்லாமல் தொங்கியது.

மாமாவுக்குக் கவலை வந்துவிட்டது. என் காதில், "சும்மா வலிக்குதுன்னா தொரத்தி வுட்டுடுவாரு. கீழ வுழுந்துட்டேன்னு சொல்லு" என்றார்.

எங்கிருந்து விழுந்தேன் என்று கட்டுக்காரர் தெலுங்கில் கேட்டார். நான் ஸ்டூல் என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் மாமா, "புளியமரம்" என்று சொல்லிவிட்டார். கட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மரத்துக்குத் தகுந்த மாதிரி கட்டினார். அக்குளுக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் பச்சிலையும் தடவி, கையை நீட்டினபடி இறுக்கி முடித்துவிட்டார். கையை ஆட்டவே கூடாது என்றார். ஸ்டூல் என்றால் அரைக் கட்டோடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீட்டின கையோடு வாழ்வது ஒரு தனி வாழ்க்கை. சாலை ஓரம் சும்மா நின்றால் பஸ் நின்றது. கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார். கம்பெனி வாசலில் காவல்காரர், நான் வணக்கம் வைத்ததாக நினைத்து, பதிலுக்கு வணக்கம் சொன்னார். அம்மா சோறு ஊட்டினாள். கட்டைப் பிரிக்க வேண்டிய நாள் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் ஊறட்டுமேடா, அவசரம் இன்னா?" என்று மாங்காய்க்குச் சொல்வதுபோல என் கைக்கும் சொன்னாள். நானும் ஊறப் போட்டேன்.

கடைசியில் பிரித்தபோது துண்டைப் பிழிந்து பார்த்தேன். வலி காணோம்! மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு வேறொரு விஷயம் தெரிந்துவிட்டது. கை மடங்கவில்லை. தானம் கொடுக்கிறவன் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் மடங்கும், அப்புறம் உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிடும். மூக்கு அரித்தால் இடது கைதான். சாப்பாட்டுக்குக் குழம்புக் கரண்டியின் நீளமான காம்பைப் பிடித்துக்கொண்டு, கரண்டியை வாய்க்குத் திருப்பிச் சாப்பிட்டேன். எங்கள் நாய் வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

அப்போதுதான் திருவாலங்காட்டிலிருந்து ஆள் வந்தது. பெண் வீட்டாருக்குச் சம்மதம். ஆடி போய் ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கை நனைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சோறு சாப்பிட மாட்டோம். காப்பி, பஜ்ஜி கணக்கில் சேராது. இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. இலைமுன் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தால் பெண் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. இடது கையால் சாப்பிடலாமே என்று யாராவது கேட்டால், அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கரண்டியை மடியில் கட்டிக்கொண்டு போகவும் முடியாது. ஆக, என் கல்யாணம் இப்போது என் வலது கைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த அந்தத் தூரத்தில் நின்றது.

கம்பெனிக்கு வந்துபோகிற டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபி என்றார். நான் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"ஊசியா, மாத்திரையா?" என்று கேட்டார் மாமா.

"ரெண்டும் இல்ல மாமா. கைய ஆட்டச் சொல்லுவாங்களாம்."

"அதுக்கு இன்னாத்துக்குடா பெரியபாளையம் சுத்திக்கினு திருவள்ளூரு போவணும்? இங்கயே ஆட்டு, நான் பாத்துக்கிறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் போனேன். ஓட்டுக் கட்டடத்தில் நீளமான அறை. சுவரில் ஒரு சக்கரம், உத்திரத்திலிருந்து கயிறும் கப்பியும், மூலையில் உருக்கிய மெழுகு வைத்த தொட்டி. கிணற்றடிக்கு வந்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா என் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சொம்பு, துண்டு, டம்ளர், வேட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முழங்கையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மா, வலி வந்தது முழங்கையில" என்று ஞாபகப்படுத்தினேன்.

"தெரியுது. கையை மூடி மணிக்கட்டை மேல தூக்குங்க. நான் கீழ அழுத்துவேன், நீங்க விடக்கூடாது."

தூக்கினேன். அவர் அழுத்தினார். காணாமல் போயிருந்த அந்த ஆணி, அதே இடத்தில், முழங்கையில் இறங்கியது. அவர் தொட்டது ஓரிடம், நான் கத்தியது வேறோர் இடத்துக்கு. பில்லிசூனியம் என்று நினைத்தேன்.

"மணிக்கட்டைத் தூக்குற சதை எல்லாம் முழங்கையோட இந்த வெளி எலும்புலதான் ஆரம்பிக்குது" என்று தொட்டுக் காட்டினார். "ஒரு பொருளை இறுக்கிப் புடிக்கும்போதெல்லாம் அந்தச் சதை வேலை செய்யும். நாள் பூரா ஸ்பேனர் புடிக்கிறீங்க. மாட்டைக் கயித்துல கட்டியிருக்கீங்கன்னு வெச்சுக்குங்க, மாடு அந்தக் கோடியில நின்னு இழுக்குது. எது ஆடிப்போகும்?"

"முளைக்குச்சி."

"அதான் உங்க முழங்கை."

மூட்டையைக் கட்டிப்பிடித்தால் வலிக்காததும், டம்ளரைக் கவ்வினால் வலித்ததும் அப்போதுதான் பாதி விளங்கியது. பாதி விளங்கியதும் மீதிக் குழப்பம் இரண்டு மடங்காகியது. "அப்ப அந்தக் கட்டு?" என்றேன்.

"நல்ல கட்டுதான். ஒடைஞ்ச கைக்கு. உங்களுக்கு ஒடையலையே. சும்மா இருந்த முழங்கை மூட்டை அத்தனை நாள் அசையாம வெச்சா இறுகிப்போகும். ஆமா, எந்த மரம்னு சொன்னீங்க?"

"அது மாமா விழுந்த மரம்மா" என்றேன்.

முதலில் முழங்கை மூட்டை மடக்குவது, அது மடங்கின பிறகு பழைய வலிக்கு மணிக்கட்டுப் பயிற்சி என்று சொன்னார். மெழுகை இளஞ்சூடாகக் கையில் பூசி எடுப்பார். அப்புறம் நானே, என் பலத்தால், வலி தொடங்குகிற இடம்வரை மடக்கி நீட்ட வேண்டும். வீட்டிலும் அடிக்கடி செய்ய வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குரலை உயர்த்திச் சொன்னார்: "யாரும் புடிச்சு இழுத்து மடக்கக் கூடாது. எண்ணெய் போட்டு உருவுறேன், ஒரே அழுத்து அழுத்துறேன்னு யாராவது வந்தா ஓடிப்போயிடுங்க. உள்ள புண்ணாகி வீங்கிச்சுன்னா இப்ப இருக்கிற மடிப்பும் போயிடும்."

கட்டுக்காரர் ஆட்டாதே என்றார். இந்த அம்மா ஆட்டு, ஆனால் நீயே ஆட்டு என்றார். மாமா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலிலேயே காத்திருந்து, "நான் ஆட்றேன்" என்றார். என் கை ஒன்று, அதற்கு முதலாளிகள் மூன்று பேர். யார் சொல்வது சரி என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அந்த அம்மா சொன்னதில்தான் வலி குறைவாக இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காக அவர் கட்சியில் சேர்ந்தேன்.

ஆடி மாதம் முழுக்க, வேலை முடிந்த நாட்களில் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா ஒரு கருவியை முழங்கையில் வைத்து அளப்பார். எனக்கு அந்த அளவு விளங்கவில்லை, என் சட்டைதான் அளவு. முதலில் விரல் சட்டைப் பையைத் தொட்டது. பிறகு ஒவ்வொரு பட்டனாக மேலே ஏறியது. ஊரில் ஏரிக்கரையில், ரயில்வே கேட்டில், பஸ் வரும்வரை நின்ற இடத்தில் எல்லாம் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்தவர்கள் ரொம்ப மரியாதையாக விலகிப் போனார்கள். ஆடி முடிகிற நேரத்தில் விரல் காலர் பட்டனில் வந்து நின்றது. அதற்கு மேல் வாய்க்கு ஒரு சாண்கூட இல்லை.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க, வாய்க்கே வந்துடும்" என்றார் அந்த அம்மா.

வீட்டில் சொன்னேன். "தள்ளிப் போட்டா, மாப்ளைக்கு இஷ்டமில்லன்னு வேற எடம் பாத்துக்குவாங்கடா" என்றாள் அம்மா. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றேன். "கை வராத மாப்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பேஜாரு பண்ணாத. நீ கழுத்த நீட்டு" என்றார் மாமா. அதன்பிறகு கழுத்துக்கும் பயிற்சி தொடங்கியது. இரண்டு நாள் கொக்கு மாதிரி நீட்டி நீட்டிப் பழகினேன். கழுத்தும் வலித்தது.

ஆவணி பிறந்து, நல்ல நாள் பார்த்து, நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, முற்றத்தில் பெண்ணின் அப்பா யாரோ ஒருவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "மூச்ச வுடு" என்றார். 'டக்' என்று ஒரு சத்தம். அந்த மனிதர் கண்ணில் தண்ணீரோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

"சுளுக்கு" என்று எங்களிடம் சிரித்தார் பெண்ணின் அப்பா. "இந்தப் பக்கம் மனுசனுக்கும் மாட்டுக்கும் நம்ம கைதான். வாங்க வாங்க."

என் முழங்கை சட்டைக்குள் தானாகச் சுருங்கியது. திருவள்ளூரில் கூட அது அவ்வளவு மடங்கியதில்லை.

இலை போட்டார்கள். சோறு, சாம்பார், கீரைக் கூட்டு, வாழைக்காய் வறுவல். எனக்கு எதிர்வரிசையில் பெண்ணின் அப்பா. பிசைந்தேன். தூக்கினேன். கை காலர் பட்டனில் வந்து நின்றது. கழுத்தை நீட்டினேன். பாதிச் சோறு வாய்க்கு வந்தது, பாதி சட்டைப் பைக்குள் போனது. இரண்டாவது கவளமும் அப்படியே.

பெண்ணின் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இன்னா மாப்ளே, சாப்பாடு புடிக்கலியா?"

"வேண்டுதலுங்க" என்றார் மாமா. அதே நொடியில் அம்மா, "பல்லு வலிங்க" என்றாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லுக்கா வேண்டுதலு?"

எழுந்தால் பெண் போய்விடும், உட்கார்ந்திருந்தால் மானம் போய்விடும். இரண்டில் எது சீக்கிரம் போகும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "கை மடங்காதுங்க. வைத்தியம் நடக்குது."

கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் முகம் விளக்கு ஏற்றினாற்போல மலர்ந்தது. "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? குடுங்க இப்டி." இலையைத் தாண்டி வந்து, சோறும் குழம்புமாக இருந்த என் கையை மணிக்கட்டில் ஒரு பிடி, முழங்கையில் ஒரு பிடி பிடித்தார். "ஒரே மடக்கு. மூச்ச வுடுங்க."

மாமா கண்ணாலேயே, விட்டுவிடு, விட்டுவிடு என்று கெஞ்சினார். மாமனாராக வரப்போகிறவர் ஆசையாகப் பிடித்த கையை உதறினால் அப்புறம் அந்த வீட்டில் நமக்கு என்ன வேலை? உதறாவிட்டால், பட்டன் பட்டனாக ஏற்றிக்கொண்டு வந்த கை திரும்பவும் சட்டைப் பைக்கே போய்விடும். இதில் எதைச் செய்வது என்று நான் முடிவே செய்யவில்லை. பிடி இறுகியதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"தொடாதீங்க!"

அது நான் கத்தின கத்தல்தான் என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். பெண்ணின் அப்பாவுடைய கைகள் அந்தரத்தில் நின்றன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் கண் செருப்பு கிடந்த திசைக்குப் போய்விட்டது.

உள்ளேயிருந்து பெண் வெளியே வந்தாள்.

"நைனா, அவுரு கைய வுட்டுட்டு இப்டி வா."

"வுட்டுட்டேம்மா. மடங்கலன்றாரு, ஒரே மடக்குல..."

"என் வெரலும் ஒரே மடக்குதான்" என்று வலது கைச் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அது ஒரு பக்கமாகத் திரும்பி, அடுத்த விரலோடு ரகசியம் பேசுவதுபோல இருந்தது. "இன்னும் நேராவல."

"நீ ஆட்டிக்கினே இருந்த. அதான்."

"நான் ஆட்டிக்கினு இருந்தேன், சரி. அம்மா கழுத்து? அம்மா இன்னா ஆட்டிச்சி? கூப்டா முழு ஒடம்போட திரும்புது."

அவர் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே வாசற்படியில் பெண்ணின் அம்மா நின்றுகொண்டு, முழு உடம்போடு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

பெண் என்னைப் பார்த்தாள். "வைத்தியம் பாக்கறவங்க இன்னா சொன்னாங்க?"

"நானாதான் மடக்கணுமாம். யாரும் புடிச்சி இழுக்கக் கூடாதாம்."

"எது வரைக்கும் வருது?"

காட்டினேன். சோற்றுக் கை காலர் பட்டனில் போய் நின்றது. சட்டையில் அதுவரை சாம்பார் படாமல் இருந்த ஒரே இடம் அதுதான்.

அவள் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அது வரைக்கும் சாப்டுங்க. மீதிக்குக் குனிஞ்சிக்கோங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பெண்ணின் அப்பா தன் இலைக்குத் திரும்பினார். மீசையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். நான் குனிந்து, கழுத்தை நீட்டி, ஒரு கவளத்தை முழுசாக வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"அவருக்குக் கூட்டு வை" என்றார், வாளிக்காரரிடம்.

அது சம்மதமா, கூட்டு மீந்துபோயிருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கவில்லை போலிருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். சமையற்கட்டுக்குள்ளிருந்து மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு நானும் சோறு கேட்டேன்.